பட்டம்மாள் பேத்தி பாடும் நேரம்

கேள்வி: உங்களால் மறக்க முடியாத தொலைக்காட்சித் தொடரின் தலைப்புப் பாடல் எது? ஏன்?

'சித்தி' தொடரின் 'கண்ணின் மணி'. யோசிக்கவே வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொடரில் பத்துப் பகுதிகளைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை.

1999 டிசம்பரில் சன் டிவியில் அது தொடங்கியபோது நான் ஏழாம் வகுப்பு. இரவு ஒன்பதரைக்குத் தொடர். பாட்டு முடியும்வரை கூடத்தில் இருக்கலாம், முடிந்ததும் பாயை விரித்துப் படுத்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அதனால் ராதிகாவுக்கு அன்றன்றைக்கு என்ன கஷ்டம் என்பது எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் மட்டும் வரும். பாட்டு மட்டும் வரி விடாமல் மனப்பாடம். தினா இசை, வைரமுத்து எழுதியது, பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன்.

எங்கள் வீட்டில் இன்னொருவரும் பாட்டோடு எழுந்துவிடுவார். அப்பாயி.

அப்பாயிக்குத் தொடர் என்றாலே ஆகாது. "ஊரான் வீட்டுச் சண்டையைக் காசு கொடுத்துப் பார்ப்பதா" என்பார் (கேபிளுக்கு மாதாமாதம் அப்பா பணம் கட்டுவது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது). ஒரு நாள் அப்பா சும்மா இருக்காமல், "இந்தப் பாட்டைப் பாடுவது யார் தெரியுமா, அம்மா? டி.கே. பட்டம்மாளுடைய பேத்தி" என்று சொல்லிவிட்டார்.

அப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மகன் பிள்ளையா, மகள் பிள்ளையா?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. மகன் வழிப் பேத்திதான் என்பதும், தாய் வழித் தாத்தா மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் என்பதும் பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. அதற்குள் கேட்டவர் போய்விட்டார்.

அப்பாயிக்குப் பட்டம்மாள் என்றால் கச்சேரி இல்லை, 'நாம் இருவர்' படம். 1947-இல் வந்த ஏவி.எம். படம். குமாரி கமலா ஆட, பட்டம்மாள் பாரதியின் 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'யைப் பாடியிருப்பார். அதை டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த கதையை அன்று இரவு முழுக்கச் சொன்னார். 'சித்தி' அன்றைக்கு யாருக்கும் காதில் விழவில்லை, அம்மாவுக்குக் கோபம்.

மறுநாளிலிருந்து ஒன்பதரை ஆனதும் அப்பாயி தானாக வந்து தூணில் சாய்ந்துகொள்வார். கண்ணை மூடிக் கேட்பார். பாட்டு முடிந்ததும், "பாட்டி சாரீரம் வராது. ஆனாலும் பாடுகிறாள்" என்று தினமும் அதே தீர்ப்பைச் சொல்லிவிட்டு என்னையும் கிளப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. கச்சேரி மேடைக் கம்பீரத்தைக் கொஞ்சமும் குறைத்துக்கொள்ளாமல் பாடியிருப்பார் நித்யஸ்ரீ.

இசையை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் 'மால்குடி டேஸ்' தொடருக்கு எல்.வைத்தியநாதன் போட்ட 'தானா நா தனனானா'வைத்தான் சொல்வேன். சொல்லே இல்லாமல் ஒரு ஊரைக் கண்முன் நிறுத்திவிடுவார். ஆனால் அதைக் கேட்டால் எனக்கு மால்குடிதான் ஞாபகம் வருகிறது. 'கண்ணின் மணி'யைக் கேட்டால் தைல வாசனையும் வெற்றிலை இடிக்கும் சத்தமும் வந்துவிடுகின்றன.

2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி'யை மறுபடி ஒளிபரப்பினார்கள். அதற்கும் தினாதான் இசை, குரலும் நித்யஸ்ரீதான். பாட்டு தொடங்கியதும் அப்பா யாரையும் பார்க்காமல், "பட்டம்மாள் பேத்தி" என்றார்.

"பட்டம்மாள் யார்?" என்று என் மகள் கேட்டாள். கைப்பேசியில் 'ஆடுவோமே'யைத் தேடிப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே விளையாடப் போய்விட்டாள். அப்பாவும் நானும் முழுதாகக் கேட்டோம்.