கடிகாரம் இரண்டு தரம் எச்சரித்தது, என் இதயம் நின்றுவிடுமா?

கேள்வி: வயது 66, பிரஷருக்கு மருந்து எடுக்கிறேன். மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட் கடிகாரம் போன வாரம் இரண்டு தரம் 'ஒழுங்கற்ற துடிப்பு' என்று காட்டியது. தூக்கத்தில் துடிப்பு 50க்குக் கீழேயும் போகிறது. இணையத்தில் படித்துவிட்டு அஸ்பிரின் போடத் தொடங்கினேன். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிடுமோ?
- வாசகர், உப்புவெளி

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள் ஐயா. இதயம் நிற்கப்போகிறது என்று அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. தூக்கத்தில் துடிப்பு இறங்குவது பலருக்கும் உள்ளதுதான், பிரஷர் மருந்துகள் சிலவும் அப்படிச் செய்யும். பகலில் தலைசுற்றல், மயக்கம் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த இரண்டு எச்சரிக்கைகளை விடாதீர்கள். கடிகாரம் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியை அளக்கிறது. அது தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். அங்கே தேங்கிய இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். நான் பயப்படுவது அதற்குத்தான். உங்கள் வயதும் பிரஷரும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

கடிகாரம் பிழைவிடவும் கூடும். அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் எச்சரிக்கை வந்து, பிறகு நெஞ்சில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதத்தினருக்கே இந்த நோய் பதிவானது. மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, இது வந்து வந்து போகும். ஆகவே இந்த வாரமே வைத்தியசாலைக்குப் போய் ஈசிஜி எடுங்கள், கடிகாரப் பதிவையும் காட்டுங்கள். ஈசிஜி சரியாக வந்தாலும் உடனே எழும்பி வராமல், 24 மணி நேரப் பதிவு தேவையா என்று கேளுங்கள். தைராய்டு கோளாறாலும் இது வரலாம், அதையும் பார்க்க வேண்டும்.

அஸ்பிரின் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. வைத்தியர் சொல்லாமல் தொடங்கியதை நிறுத்துங்கள். இந்த நோயில் வரும் பாரிசவாதத்தை அது சரியாகத் தடுக்காது, வயிற்றில் இரத்தக்கசிவை மட்டும் கொண்டுவரலாம். நோய் உறுதியானால் அதற்கு, இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அவற்றையும் பாமசியில் கேட்டு வாங்கிப் போடக்கூடாது.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று முதலில் கேட்பார்கள். நெஞ்சுவலிக்கும் அதே எண்தான். மாரடைப்பை அந்தக் கடிகாரம் கண்டுபிடிக்காது. இதை வீட்டில் உள்ளவர்களிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.