முதலில் தைரியமா, முதலில் ஆட்டமா?

கேள்வி: எனக்கு வயது 38. கல்லூரி நாட்களில் ஷட்டில் ஆடியவள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் வலது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி ஓடலாம், ஆடலாம் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. ஆனால் எடை 13 கிலோ ஏறிவிட்டது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பழைய தோழிகள் ஆடக் கூப்பிடுகிறார்கள், போகக் கூச்சமாக இருக்கிறது. வெளியே போவதே குறைந்துவிட்டது. கொஞ்சம் எடை குறைந்து, தன்னம்பிக்கை வந்தபிறகு போகலாம் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘தன்னம்பிக்கை வந்தபிறகு போகலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அடிபட்டு மீண்டு வருகிற பலர் இப்படித்தான் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் உடம்பு இன்னும் கொஞ்சம் தளர்கிறது, பயம் இன்னும் கொஞ்சம் வளர்கிறது.

‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-ல் விளக்கினார். பிறர் செய்வதைப் பார்த்து வரலாம், பிறர் ஊக்கப்படுத்தி வரலாம், உடம்பும் மனமும் இருக்கும் நிலையைப் பொறுத்தும் வரலாம். எல்லாவற்றையும்விட வலுவானது, தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம் என்றார் அவர். ‘நீ நல்லா ஆடுவே, வா’ என்று தோழிகள் எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்குள் எதுவும் அசையாததற்குக் காரணம் இதுதான். அவர்கள் மேல் குறை இல்லை. உங்கள் மனம் கேட்பது ஆதாரம். அதை உங்கள் கால்தான் கொடுக்க வேண்டும்.

லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயங்களுக்கான பிரிவைத் தொடங்கினார். போரில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர்களை அவர் குணமாகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. விளையாட்டையே சிகிச்சையில் சேர்த்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், 16 பேர் அங்கே வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். இன்றைய பாராலிம்பிக்ஸுக்கு வேர் அதுதான்.

சரி, உடம்புக்கு வருவோம். மூச்சு வாங்குவது உங்களைப் பயமுறுத்தியிருக்கும். 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்வாசிக்கு மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது, முப்பது வருட வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. அப்புறம் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பதைத் தொட்ட அந்த ஆண்களின் திறன், படுக்கைக்கு முன் இருபது வயதில் இருந்த அளவுக்கே திரும்பியது. நீங்கள் இழந்ததில் பெரும்பகுதி இப்படித் திரும்பி வரக்கூடியதுதான்.

ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் திரும்பாது. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே முன்னேற்றம் காட்டும். தசைக்கு அதைவிட நேரம் வேண்டும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மிக மெதுவாகத்தான் வலுவாகும். பழைய ஆட்டக்காரர்கள் மறுபடி அடிபடுவது இந்த இடைவெளியில்தான். மூச்சு வந்துவிட்டது, கை பழைய ஆட்டத்தை மறக்கவில்லை, கால் மட்டும் இன்னும் தயாராகவில்லை. ஷட்டிலில் திடீரென்று பாய்வதும் நிற்பதும் பின்னால் தாவுவதும் குதிகால் தசைநாணைத்தான் கடுமையாகச் சோதிக்கும்.

அதனால் முதல் வேலை ஒரு சின்னச் சோதனை. சுவரில் விரல் நுனிகளை மட்டும் வைத்து, ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழுக்கத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். முதலில் இடது கால், பிறகு வலது. இடது கால் 20 முறை தூக்குகிற இடத்தில் வலது கால் ஆறாவதிலேயே நடுங்கினால் கலங்க வேண்டாம். இரண்டு எண்களையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒற்றைக் காலில் ஒன்றுகூட வரவில்லை என்றால் இரண்டு கால்களாலும் தொடங்குங்கள். இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள், கூடவே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும். இடது 20 என்றால் வலது 18 வரும்வரை ஓட்டமும் தாவலும் வேண்டாம்.

அதே வாரத்தில் நடையைத் தொடங்குங்கள். நாளுக்கு 15 நிமிடம் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 150-ஐ முதல் வாரமே தொட நினைக்காதீர்கள். அன்றாட நடையில் வாரத்துக்கு வாரம் ஓரிரு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் தானாக வந்துவிடும்.

பேட்டையும் முதல் வாரமே கையில் எடுங்கள். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஷட்டிலைக் கீழே விழாமல் மேலே தட்டிக்கொண்டே இருங்கள். முதல் நாள் 12 வரலாம், நாலாம் நாள் 40 வரலாம். கை பழகிய திறமை எளிதில் அழிவதில்லை. அதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். அந்த எண்ணிக்கையும் நோட்டில் ஏறட்டும்.

எடையை மட்டும் அதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உடற்பயிற்சியால் மட்டும் எடை மெதுவாகத்தான் இறங்கும். தராசு முள் அசையாத வாரங்களிலும் தூக்கம், ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் சீராகிக்கொண்டிருக்கும். எடையை அளவுகோலாக வைத்தால், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே தோற்றுவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுவீர்கள்.

பயிற்சிக்குப் பிறகு ஓரிரு நாள் தசை வலிப்பது இயல்பு. கணுக்கால் வீங்கினாலோ, நொண்டி நடக்க வேண்டிவந்தாலோ, முந்தைய படிக்கு இறங்குங்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு, கெண்டைக்காலில் சூட்டோடு கூடிய வீக்கம் இருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெளியே போவதே குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் கெட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விளையாட்டு அந்தச் சிகிச்சைக்குத் துணை நிற்கும், அதற்குப் பதிலாகாது.

இனி கூச்சம். அதைப் போக்கிவிட்டுப் போக வேண்டியதில்லை, கூட அழைத்துக்கொண்டே போகலாம். வலது கால் கணக்கு நேரானதும், தோழிகளில் உங்களுக்கு மிகவும் நெருக்கமான ஒருத்தியிடம் மட்டும் சொல்லி, மற்றவர்கள் வருவதற்கு அரைமணி முன்னால் போங்கள். பாதி கோர்ட், பாயின்ட் எண்ணுவது இல்லை, தாவுவது இல்லை, 10 நிமிடம். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஆடலாமே என்று தோன்றும், அப்போதே நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைக்கும்போது கணுக்கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அடுத்த முறை 15 நிமிடம்.