மியூசிக் பிளேயர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் (கேள்வி-பதில்)

கேள்வி: போனிலேயே பாட்டு கேட்க முடிகிறபோது தனி மியூசிக் பிளேயர் யாருக்குத்தான் தேவை?

இணையத்தில் ஓடும் பாட்டை மட்டும் கேட்பவருக்குத் தேவையில்லை. சொந்தமாகப் பாடல் ஃபைல்களைச் சேர்த்து வைத்திருப்பவர், போன் சார்ஜைப் பாட்டுக்குச் செலவழிக்க விரும்பாதவர், இணையம் இல்லாத ஒரு கருவியைப் பிள்ளைகளிடம் கொடுக்க நினைப்பவர், தொடுதிரையோடு மல்லுக்கட்ட முடியாத பெரியவர் ஆகியோருக்கு இன்றும் இது நல்ல பொருள்தான்.

வாங்கும்போது நிறுத்தவும் பாட்டை மாற்றவும் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் நிஜப் பொத்தான்கள் இருக்கிறதா என்று பாருங்கள். பையில் கிடக்கும் பிளேயரை எடுக்காமலே விரலால் தடவி இயக்க முடிய வேண்டும். பொத்தான்களைப் பூட்டி வைக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பையிலேயே அழுந்தி பிளேயர் தானாக ஓடும்; தேவைப்படும்போது சார்ஜ் தீர்ந்திருக்கும்.

கேள்வி: 8 ஜிபி பிளேயரின் பெட்டியில் ‘2,000 பாடல்கள்’ என்று போட்டிருக்கிறது. நான் 600 பாடல் ஏற்றுவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று சொல்ல முடியாது. தங்களுக்குச் சாதகமான கணக்கைப் போட்டிருக்கிறார்கள். நான்கு நிமிடப் பாட்டு, 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை ஆயிரம் பிட் தகவல் என்ற அளவு) எம்பி3 என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, பாட்டுக்கு 4 எம்பி. 8 ஜிபியில் 2,000 பாடல்கள் வந்துவிடும். உங்களிடம் இருப்பது 320 கேபிபிஎஸ் ஃபைல்களாக இருக்கும். அது நிமிடத்துக்கு 2.4 எம்பி, ஐந்து நிமிடப் பாட்டுக்கு 12 எம்பி. போதாததற்கு, பெட்டியில் 8 ஜிபி என்று இருப்பது விண்டோஸ் கணினியில் சுமார் 7.4 ஜிபி என்றுதான் தெரியும். தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024-ஐ மூன்று முறை பெருக்கிக் கணக்கிடுகிறது. அதிலும் ஒரு பகுதியை பிளேயரின் சொந்த மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

வாங்கும் முன் கணினியில் உங்கள் பாட்டு ஃபோல்டரின் மொத்த அளவைப் பாருங்கள். அதைப்போல இரண்டு மடங்கு இடம் இருந்தால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ஒலியில் எதையும் கழிக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் வைத்திருப்பவர்கள் ஐந்து நிமிடப் பாட்டுக்கு 30 எம்பி என்று போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் இடம் குறைவாக இருந்தாலும் மெமரி கார்டு போடும் வழியுள்ள பிளேயரே என் முதல் தேர்வு. பிளேயர் கெட்டால் கார்டைக் கழற்றி அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: 64 ஜிபி கார்டு வாங்கினேன். முதலில் ஏற்றிய பாடல்கள் நன்றாக ஓடின. மேலும் ஏற்ற ஏற்ற, சில பாதியில் நிற்கின்றன, சில திறக்கவே இல்லை. பிளேயர் பழுதா?

பிளேயரை விடுங்கள். கார்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறி போலிக் கார்டுக்கே உரியது. உள்ளே இருப்பது 8 ஜிபி சிப்பாக இருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் சின்னச் சிப், ‘நான் 64 ஜிபி’ என்று கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். முதல் 8 ஜிபி வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்கு மேல் எழுதுவது எங்கும் பதியாது, அல்லது ஏற்கெனவே பதிந்திருப்பதன் மேலேயே போய் விழும். கணினியோ எல்லாம் நல்லபடியாக காப்பி ஆனதாகக் காட்டும். ஃபைலின் பெயர் இருக்கும், அளவும் இருக்கும், உள்ளே பாட்டு மட்டும் இருக்காது.

சோதிக்க வழி உண்டு. கார்டில் உள்ளதை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு கார்டைக் காலி செய்யுங்கள். விண்டோஸ் என்றால் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸ் அல்லது மேக் என்றால் ‘எஃப்3’. இரண்டும் இலவசம். இவை கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நேரம் பிடிக்கும். எழுதும் வேகம் நொடிக்கு 15 எம்பி என்றால் 64 ஜிபியை எழுத மட்டுமே 70 நிமிடத்துக்கு மேல் ஆகும், படிப்பது தனி. கடைசியில் பிழை இல்லை என்று வந்தால்தான் கார்டு நம்பகமானது. பிழை வந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள். ஃபார்மட் செய்து பார்ப்பதால் போலி அசலாகாது.

புதுக் கார்டு எதுவானாலும் பாட்டு ஏற்றுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. கெடு தாண்டிய பிறகு தெரிய வந்து ஒரு பயனும் இல்லை.

கேள்வி: கார்டு அசல்தான், சோதித்துவிட்டேன். ஆனால் பிளேயர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கணினியில் தெரிகிறது.

32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டு வருகின்றன. பழைய பிளேயர்களும் விலை குறைந்தவையும் ஃபேட்32 முறையை மட்டுமே படிக்கும். பிளேயரின் மெனுவிலேயே கார்டை ஃபார்மட் செய்யும் வசதி இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கணினியில் ஃபேட்32 ஆக மாற்றுங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரத்தில், 32 ஜிபியைத் தாண்டிய கார்டுக்கு அந்தத் தேர்வு தெரியாமல் போகலாம். அதற்கென்றே இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. ‘32 ஜிபி வரை’ என்று போட்டிருக்கும் பல பிளேயர்கள் ஃபேட்32 ஆக்கிய 64 ஜிபி கார்டையும் படித்துவிடும். ஆனால் அதை நம்பி பெரிய கார்டு வாங்க வேண்டாம், கையில் இருந்தால் முயன்று பாருங்கள்.

கேள்வி: பாடல்கள் நான் வைத்த வரிசையில் வருவதில்லை. தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள்.

முதலில் வரிசை. எளிய பிளேயர்கள் அகர வரிசையையோ பாட்டின் எண்ணையோ பார்ப்பதில்லை. எந்த ஃபைல் முதலில் கார்டில் எழுதப்பட்டதோ அதை முதலில் ஒலிக்கும். ஆகவே கணினியிலிருந்து ஏற்றும்போதே வரிசை சரியாக இருக்க, ஃபைல் பெயரின் தொடக்கத்தில் 01, 02 என்று எண் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால், எழுத்து வரிசையில் அடுக்கும் பிளேயர்களில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். நூறைத் தாண்டினால் 001. பிறகு கார்டில் இருக்கும் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு முழுவதையும் ஒரே முறையில் மறுபடி ஏற்றுங்கள். நடுவில் ஒன்றை அழித்துப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், காலியான பழைய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், வரிசை மறுபடி குலையும். விண்டோஸில் பல ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து இழுக்கும்போது முதல் பாட்டின் மேல் சுட்டியை வைத்து இழுங்கள். எதைப் பிடித்து இழுக்கிறோமோ அதுவே முதலில் போகும்.

அடுத்தது தமிழ். கட்டமோ கேள்விக்குறியோ தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். சிலவற்றில் எழுத்துரு இருக்கும், ஆனால் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘தேன்’ என்ற சொல்லில் முதலில் த, அதன் பின் கொம்பு என்று தெரியும். இதை நீங்கள் சரிசெய்ய முடியாது. தயாரிப்பாளர் புதிய மென்பொருள் வெளியிட்டால்தான் உண்டு. எனவே தமிழில் பெயர் வைத்த நாலைந்து பாடல்களை ஒரு கார்டில் போட்டுக் கொண்டுபோய், கடையிலேயே பிளேயரில் செருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் ‘எம்பி3டேக்’ என்ற இலவச மென்பொருளில் பாடல்களைத் திறந்து, தலைப்பு, பாடகர், தொகுப்பு ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஃபைலின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பல பிளேயர்கள் பெயரை விட்டுவிட்டு, ஃபைலுக்குள் பதிந்திருக்கும் இந்தத் தகவலைத்தான் காட்டும். எம்பி3க்குள் இந்தத் தகவலைப் பதியும் முறைக்கு ஐடி3 என்று பெயர், அதன் 2.3 பதிப்பில் சேமியுங்கள். 2.4 பதிப்பைப் படிக்காத பழைய பிளேயர்கள் உண்டு. முடிந்ததும் பிளேயர் மெனுவில் பாடல் பட்டியலைப் புதுப்பிக்கக் கட்டளை கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல், மாற்றியும் மாறவில்லை என்று குழம்புபவர்கள் நிறையப் பேர்.

மேக் கணினியிலிருந்து ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை தெரிந்து, அதில் ஒன்று ஒலிக்காமல் போனால் பயப்பட வேண்டாம். புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் அந்த ஃபைல்கள் மேக் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகள். கார்டிலிருந்து தாராளமாக நீக்கலாம்.

கேள்வி: இரண்டு பக்கமும் சி-டைப் உள்ள கேபிளில் போட்டால் சார்ஜ் ஏறவில்லை. பழைய சார்ஜரில் ஏறுகிறது. ஏன்?

சி-டைப் சார்ஜர் எடுத்தவுடன் மின்சாரம் விடாது. எதிர்ப்பக்கம் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகே 5 வோல்ட்டைத் திறக்கும். அதைத் தெரிவிக்க பிளேயருக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். செலவைக் குறைக்க அவற்றை விட்டுவிடுகிறார்கள். பழைய, அகன்ற யூஎஸ்பி வாய் கேட்காமலே 5 வோல்ட் கொடுப்பதால் அதில் ஏறுகிறது. எனவே ஒரு பக்கம் அகன்ற யூஎஸ்பி, மறுபக்கம் சி-டைப் உள்ள கேபிளையே பயன்படுத்துங்கள்.

சார்ஜ் ஏறியும் கணினியில் பிளேயர் தெரியாவிட்டால் அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கும். அதற்குள் தகவல் போகும் கம்பிகளே கிடையாது. கேபிளை மாற்றிப் பாருங்கள். கழற்றும்போது ‘பாதுகாப்பாக நீக்கு’ என்பதைக் கொடுத்த பிறகே கழற்றுங்கள். திரையில் காப்பி முடிந்ததாகக் காட்டினாலும் எழுதும் வேலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: 128 கேபிபிஎஸ் பாடல்களை 320 ஆகவோ ஃப்ளாக் ஆகவோ மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. எம்பி3 ஆக்கும்போது கழித்த ஒலி கழிந்ததுதான். மறுபடி மாற்றுவதால் ஃபைல் பெரிதாகும், அவ்வளவே. எம்பி3இலிருந்து இன்னொரு எம்பி3 ஆக்கினால் தரம் இன்னும் கொஞ்சம் குறையவும் செய்யும். அசல் சிடி கையில் இருந்தால் அதிலிருந்து ஃப்ளாக் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிளேயருக்கு வேண்டிய எம்பி3யை அதிலிருந்து செய்துகொள்ளலாம். நடந்தபடியோ பேருந்திலோ கேட்க 256 அல்லது 320 கேபிபிஎஸ் தாராளம். ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்ற எண்ணுக்காகக் கூடுதல் விலை தரத் தேவையில்லை. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கும் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுதாகப் பதிவு செய்கிறது. மிச்சமாகும் பணத்தை நல்ல இயர்போனில் போடுங்கள், வித்தியாசம் உடனே காதில் விழும்.

கேள்வி: திடீரென்று பாடகரின் குரல் மட்டும் மங்கி, பின்னணி இசை மட்டும் கேட்கிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?

இல்லை. இயர்போன் பின் சரியாக உட்காரவில்லை. குரலை இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில் பதிவு செய்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான திரும்பும் கம்பி தொடர்பு விட்டுப்போனால், இரண்டிலும் ஒன்றாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். வேறுபடுவது மட்டும் காதுக்கு வரும். பின்னைக் கடைசிவரை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சரியாகாவிட்டால் பிளேயரை அணைத்துவிட்டு, துளையில் அடைந்திருக்கும் துணித் தூசியை மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி, பின் எதுவும் வேண்டாம். பிறகு வேறொரு இயர்போனைச் செருகிப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் பழையதின் கம்பி அறுந்திருக்கிறது.

கேள்வி: பெரிய ஹெட்போனில் சத்தம் போதவில்லை. முழுவதும் கூட்டி வைத்துத்தான் கேட்கிறேன்.

ஹெட்போனின் ஓம் (மின்தடை) அளவைப் பாருங்கள். சின்ன பிளேயர்களுக்கு 16 முதல் 32 ஓம் வரை பொருந்தும். 250, 300 ஓம் உள்ளவற்றை இயக்கும் அளவுக்கு அவற்றின் மின்னழுத்தம் வராது. ஓம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால், பெரும்பாலும் வெளிச்சத்தம்தான் பாட்டை அமுக்குகிறது. காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனையுள்ள இயர்போன் போட்டால் குறைந்த ஒலியிலேயே எல்லாம் கேட்கும்.

இதில் கவனக்குறைவு கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. கழற்றிய பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் வரம்பு தாண்டியாயிற்று. பிள்ளைக்கு வாங்குவதானால் அதிகபட்ச ஒலியைக் கட்டிப்போடும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கட்டணம் கட்டும் இசைச் செயலியில் டவுன்லோடு செய்த பாடல்களை பிளேயரில் ஏற்றலாமா?

முடியாது. அவை பூட்டுப் போட்ட ஃபைல்கள். அந்தச் செயலிக்குள் மட்டும், கட்டணம் தொடரும் வரை மட்டும் திறக்கும். அதே செயலியை நிறுவக்கூடிய ஆண்ட்ராய்டு பிளேயர் வேண்டும். அதிலும் ஆண்ட்ராய்டு பதிப்பு பழையதாக இருந்தால் செயலி ஓடாமல் போகலாம்.

கேள்வி: பயன்படுத்திய பிளேயர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பேட்டரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்மூடி உப்பியிருந்தாலோ திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ தொடவே வேண்டாம், உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. தட்டையாக இருந்தால் முழு சார்ஜில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். பல ஆண்டு சும்மா கிடந்த பிளேயர் உடனே உயிர் பெறாது. ஒரு மணி நேரம் சார்ஜில் விட்டும் அசையாவிட்டால் பேட்டரி செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பல பிளேயர்களில் பேட்டரி பற்றவைத்து ஒட்டப்பட்டிருக்கும், மாற்றத் தெரிந்தவர் வேண்டும். உங்களிடம் இருப்பதைச் சில மாதம் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மறுபடி பாதிவரை ஏற்றி வையுங்கள்.