வெளியிடத்தில் குழந்தைக்கு டயப்பர் மாற்றுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் டயப்பர் மாற்றுவதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆனால் வெளியே கிளம்ப வேண்டும் என்றாலே, எங்கே மாற்றுவது, எதை மறந்துவிட்டுப் போகிறோமோ என்ற பதற்றம் வந்துவிடுகிறது. இதற்காகவே பல அழைப்புகளைத் தட்டிக் கழிக்கிறேன். என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும், மாற்றுவதற்கென்று தனி இடம் இல்லாதபோது எப்படிச் சமாளிப்பது என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும், வெளியிடத்தில் அது தெரியாது. உங்கள் பதற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆகவே பையில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதைவிட, அவை எந்த வரிசையில் கைக்கு வருகின்றன என்பதையே நீங்கள் கவனிக்க வேண்டும்.

பெரிய பைக்குள் ஒரு சிறிய ஜிப் பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மாற்றத் தேவையானவை மட்டும் அதில் இருக்கட்டும்: நீர் புகாத மடிப்பு விரிப்பு, ஒரு டயப்பர், வைப்ஸ் எனப்படும் ஈரத் துடைப்பான்கள் கொஞ்சம், சிறிய டியூபில் களிம்பு, அழுக்கானதைக் கட்டிப் போட ஒரு பிளாஸ்டிக் பை, மெல்லிய துணி ஒன்று. கழிவறைக்குள் இந்தச் சிறு பையை மட்டும் கொண்டு போனால் போதும். பெரிய பையை ஈரத் தரையில் வைக்க வேண்டிய நிலையே வராது. மாற்றி முடித்து வெளியே வந்ததும், அடுத்த முறைக்கானதை எடுத்து அதில் நிரப்பிவிடுங்கள். இந்தப் பழக்கம் மட்டும் படிந்துவிட்டால், எதை மறந்தோம் என்ற கவலையில் பாதி போய்விடும். பெரிய பையில் டயப்பர்களின் எண்ணிக்கையை, வெளியே இருக்கப் போகும் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் ஒன்று, அதற்கு மேல் இரண்டு மூன்று என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். குழந்தைக்கு ஒரு மாற்றுடையும், உங்களுக்கு ஒரு மேல்சட்டையும் இருந்தால் நல்லது. இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, சமதளமாகவும் தாழ்வாகவும் இருப்பதே நல்ல இடம். விரிப்பைப் போட்ட தரை பலருக்குக் கூச்சமாகத் தோன்றினாலும், அங்கிருந்து குழந்தை கீழே விழ முடியாது என்பதால் அதுவே மிகவும் பாதுகாப்பானது. நிறுத்தி வைத்த காரின் பின் இருக்கை, முழுவதும் சாய்க்கக்கூடிய தள்ளுவண்டி ஆகியவையும் பயன்படும். மாற்றுவதற்கென்று பொருத்தப்பட்ட மேசை கிடைத்தால் அதன் மேல் உங்கள் விரிப்பைப் போட்ட பிறகே குழந்தையைக் கிடத்துங்கள். அதிலுள்ள இடுப்புப் பட்டையை மாட்டினாலும், ஒரு கை எப்போதும் குழந்தையின் மேலேயே இருக்க வேண்டும். இதுவரை புரளாத குழந்தை முதன்முதலாகப் புரளப்போகும் நேரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கைகழுவும் தொட்டியின் ஓரத்து மேடை வேண்டாம். ஈரமும் வழுக்கலும் இருக்கும், வெந்நீர்க் குழாயும் எட்டும் தூரத்தில் இருக்கலாம். பிறர் உணவு உண்ணும் மேசையில் மாற்றுவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது என்பது என் உறுதியான கருத்து.

இனி வரிசைக்கு வருவோம். பழைய டயப்பரைத் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துவிட வேண்டும். புதிய டயப்பரை விரித்து, பழையதன் அடியிலேயே நுழைத்துவிடுங்கள். துடைப்பான்கள் மூன்று நான்கை முன்னதாகவே உருவி எடுத்து வையுங்கள், ஏனெனில் ஒரு கையால் உருவும்போது முழுக் கட்டும் கூடவே வரும். பிளாஸ்டிக் பையின் வாயைத் திறந்து, குழந்தையின் கைக்கு எட்டாதபடி வையுங்கள். பிளாஸ்டிக் பை குழந்தையின் முகத்தில் படிந்தால் மூச்சுத் திணறும். இதன் பிறகே ஒட்டுப் பட்டைகளைப் பிரிக்க வேண்டும். மலம் கழித்திருந்தால் பழைய டயப்பரின் முன்பகுதியாலேயே பெரும்பகுதியை வழித்து, அதை உட்புறமாக மடித்துக் குழந்தையின் அடியில் விட்டுவிட்டு, மீதியைத் துடைப்பானால் சுத்தம் செய்யுங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைப்பதை எக்காலத்திலும் மாற்ற வேண்டாம். மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குப் போகாமல் தடுப்பது அதுதான். தொடை இடுக்குகளைப் பிரித்துத் துடைத்து, ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்த பிறகு புதியதைக் கட்டுங்கள். பால் குடித்த உடனே மாற்ற நேர்ந்தால், கால்களை உயரத் தூக்குவதற்குப் பதிலாகக் குழந்தையை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்துத் துடைப்பது நல்லது, வயிறு அழுந்திப் பால் மேலே வராது.

கேள்வி: நாங்கள் வாங்கும் டயப்பர் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. பயணத்தின்போது அவ்வளவு நேரம் விட்டுவைக்கலாமா?

பதில்: தாங்கும் என்றால் ஒழுகாமல் தாங்கும் என்று பொருள். தோல் தாங்குமா என்பது வேறு விஷயம். டயப்பரின் நடுவிலுள்ள சோடியம் பாலி அக்ரிலேட் என்னும் பொடி, தூய நீரைத் தன் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேலாக உறிஞ்சிக் கூழாக மாற்றிவிடும். உப்புகள் கலந்த சிறுநீரில் அதன் கொள்ளளவு அதைவிடக் குறைவு என்றாலும், மேற்பரப்பை ஓரளவு உலர்வாக வைக்க அது போதுமானது. ஆனால் மலத்தை அதனால் உறிஞ்ச முடியாது. சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அமோனியா உண்டாகும்போது தோலின் அமிலத் தன்மை குறைகிறது. அந்நிலையில் மலத்திலுள்ள செரிமான நொதிகள் மேலும் தீவிரமாகச் செயல்பட்டுத் தோலை அரிக்கின்றன. டயப்பர் தடிப்புக்கு முக்கியக் காரணம் இந்தக் கூட்டு வேலைதான். ஆகவே மலம் கழித்தால் தாமதிக்காமல் மாற்றுங்கள். வெறும் சிறுநீர் என்றால், விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவது ஏற்கத்தக்கது. நீண்ட பயணங்களில் துத்தநாக ஆக்ஸைடு களிம்பையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ முன்கூட்டியே தடவிவிட்டால், ஈரத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தடுப்பு கிடைக்கும். முகப்பவுடர் போட வேண்டாம், அதன் துகள்கள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகக்கூடும். தடிப்பு மூன்று நாட்களுக்குப் பிறகும் ஆறவில்லை என்றாலோ, இடுக்குகளில் நன்கு சிவந்து சுற்றிலும் சிறு புள்ளிகள் தெரிந்தாலோ, அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டயப்பர் இவ்வளவு நன்றாக உறிஞ்சுவதால், குழந்தை போதிய அளவு சிறுநீர் கழிக்கிறதா என்பது பயணத்தில் நம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. சில டயப்பர்களின் வெளிப்புறத்தில் உள்ள மஞ்சள் கோடு நனைந்ததும் நீலமாக மாறும். அது இல்லாதவற்றைக் கையில் தூக்கிப் பார்த்து எடையால் அறியலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் குழந்தை சிறுநீரே கழிக்கவில்லை என்றால், அதுவும் வெப்பமான நாளில் என்றால், நீரிழப்பு ஏற்பட்டிருக்கக்கூடும். டயப்பர் மிச்சமானது என்று மகிழாமல், பால் கொடுத்து, மருத்துவ ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி: நான் ஒரு தந்தை. மகனை நான் மட்டும் வெளியே அழைத்துச் செல்லும் நாட்களில், மாற்றும் மேசை பெண்கள் கழிவறையில் மட்டுமே இருப்பதைக் காண்கிறேன். நான் என்ன செய்வது?

பதில்: குழந்தையைப் பராமரிப்பவர் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார் என்று கட்டடத்தை வடிவமைத்தவர் முடிவு செய்துவிட்டதன் விளைவு இது. அதன் சுமை உங்கள் தோளில் விழுவது நியாயமில்லை. அமெரிக்காவில் பொதுமக்கள் வந்துபோகும் மத்திய அரசுக் கட்டடங்களின் ஆண், பெண் கழிவறைகள் இரண்டிலும் இத்தகைய மேசை இருக்க வேண்டும் என்று 2016-இல் சட்டமே இயற்றினார்கள். அப்படியொரு விதி இல்லாத இடங்களில் முதலில் குடும்ப அறையோ மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையோ இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே இடவசதியும் அதிகம், பல இடங்களில் மேசையும் இருக்கும். அதுவும் இல்லையென்றால் நிர்வாகியிடம் ஓர் ஒதுக்குப்புற அறையைத் தயங்காமல் கேட்கலாம். கேட்பவர்கள் இருந்தால்தான் அடுத்த முறை மேசை வரும். ஆண் குழந்தை என்பதால் ஒரு குறிப்பு: டயப்பரைத் திறந்ததும் குளிர்ந்த காற்று பட்டு உடனே சிறுநீர் கழிப்பது வழக்கம், ஆகவே முன்பக்கத்தை ஒரு துணியால் மூடியபடியே வேலையைச் செய்யுங்கள், கட்டும்போது குறியைக் கீழ்நோக்கி வைத்தால் வயிற்றுப் பக்கம் ஒழுகாது.

கேள்வி: கார், ரயில், விமானம் ஆகியவற்றில் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: காரில் விதி ஒன்றுதான். ஓடும் வண்டியில் குழந்தையைப் பாதுகாப்பு இருக்கையிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது. எவ்வளவு அழுதாலும், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திய பிறகே மாற்றுங்கள். ரயிலில் படுக்கை இருந்தால் கீழ்ப்படுக்கையில், குழந்தையின் தலை உட்புறமும் நீங்கள் வெளிப்புறமும் இருக்குமாறு அமர்ந்து மாற்றலாம். வண்டி குலுங்கும் என்பதால் உடன் வருபவர் அருகில் இருப்பது நல்லது, நிலையத்தில் நிற்கும் நேரம் அதைவிட நல்லது.

விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன்னர் ஒரு முறை மாற்றிவிடுங்கள். ஏறிய பிறகு, இருக்கைப் பட்டை விளக்கு அணையும் வரையில் எழுந்திருக்க முடியாது. பல விமானங்களில் சில கழிவறைகளில் மட்டுமே, இருக்கைக்கு மேலாக மடக்கி விரிக்கும் பலகை இருக்கும். எந்தக் கழிவறை என்று பணியாளரிடம் முன்பே கேட்டுவைத்தால் வரிசையில் வீணாக நிற்க வேண்டாம். அந்த இடம் மிகவும் குறுகியது என்பதால், சிறு பை எவ்வளவு உதவும் என்பது அங்கேதான் விளங்கும். பயன்படுத்திய டயப்பரை உணவு பரிமாறும் பணியாளரின் கையில் கொடுப்பது முறையல்ல, கழிவறையிலுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். கைப்பையில் திரவங்களுக்கு 100 மில்லி லிட்டர் வரம்பு உள்ள விமான நிலையங்கள் பல இருப்பதால், களிம்பைச் சிறிய டியூபாக எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வெளியே போகும் நாளில்தான் மலம் முதுகு வரை ஏறி உடையெல்லாம் வீணாகிறது. இது ஏன்?

பதில்: பெரும்பாலும் டயப்பரின் அளவு சிறியதாகிவிட்டது என்பதற்கான அடையாளம் இது. தொடையில் அழுந்திய தடம் தெரிந்தாலோ, இடுப்புப் பட்டை நடுவுக்கு எட்டாமல் நின்றாலோ, அடுத்த அளவுக்கு மாறுங்கள். கட்டிய பிறகு தொடைப் பகுதியில் உள்ள சுருக்கு மடிப்புகளை விரலால் வெளியே இழுத்துவிட வேண்டும். அவை உள்ளே மடிந்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த டயப்பரும் ஒழுகும். மேலும், பயண நாட்களில் குழந்தை இருக்கையில் சாய்ந்தபடியே நெடுநேரம் இருப்பதால் அழுத்தம் பின்புறமாகவே போகிறது. தோள் பகுதியில் ஒன்றின் மேல் ஒன்றாக மடிந்திருக்கும் கழுத்துள்ள உடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அக்கழுத்தை அகல விரித்து உடையைத் தோள் வழியாகக் கீழ்நோக்கிக் கழற்றலாம், அழுக்கான துணியைத் தலை வழியாக எடுக்க வேண்டியதில்லை. வெளியே போகும்போது அத்தகைய உடையையே போடுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய டயப்பரை எங்கே போடுவது? தண்ணீர் கிடைக்காத இடத்தில் சானிடைசர் போதுமா?

பதில்: கழிவறைக் கோப்பையில் டயப்பரையோ வைப்ஸையோ ஒருபோதும் போடாதீர்கள்; உள்ளிருக்கும் பொடி நீரில் ஊதிக் குழாயை அடைத்துவிடும், துடைப்பான்களும் எளிதில் கரைவதில்லை. மலத்தை மட்டும் கோப்பையில் உதறிவிட்டு, டயப்பரை இறுகச் சுருட்டி, அதன் பட்டைகளாலேயே ஒட்டி, பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். தொட்டி இல்லையென்றால் வீடு வரை கொண்டு வாருங்கள்.

கைக்குச் சோப்பும் தண்ணீருமே முதல் தேர்வு, குறைந்தது 20 விநாடிகள். கிடைக்காதபோது கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கைத் துடைப்பானால் முற்றிலும் நீக்கிவிட்டு, குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள சானிடைசரைத் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ போன்ற சில வைரஸ்களை அது நன்றாக அழிப்பதில்லை என்பதால், தண்ணீர் கிடைத்த முதல் இடத்திலேயே மீண்டும் கழுவுங்கள்.

கேள்வி: நாங்கள் துணி டயப்பர்களையே பயன்படுத்துகிறோம். பயணத்தில் அது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். நீர் புகாத ஜிப் பை ஒன்றில் அழுக்கானவற்றைப் போட்டு, அன்றைக்கே துவைத்துவிட முடியும் என்றால் தாராளமாகச் செய்யலாம். துவைக்க வழியில்லாத நெடும்பயணத்தில் மட்டும் கடை டயப்பருக்கு மாறுவதால் உங்கள் கொள்கைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

கேள்வி: பத்து மாத மகன் படுக்கவே மறுக்கிறான். வெளியிடத்தில் புரண்டு எழுந்து ஓடப் பார்க்கிறான்.

பதில்: நிற்கப் பழகிய குழந்தைக்கு ஜட்டி போல் இழுத்துப் போடும் டயப்பர் வசதியானது. நின்றபடியே இரு பக்கத் தையல்களையும் கிழித்துக் கழற்றி, புதியதைக் கால் வழியாக ஏற்றிவிடலாம். அவன் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். மலம் கழித்திருந்தால் மட்டும் படுக்க வைத்தே ஆக வேண்டும், நின்ற நிலையில் இடுக்குகள் சரியாகத் துடைபடாது. அந்த ஒரு நிமிடத்துக்கென்று ஒரு சிறு பொம்மையைச் சிறு பையிலேயே ஒளித்து வைத்து, டயப்பர் மாற்றும்போது மட்டும் அவன் கையில் கொடுங்கள். மற்ற நேரங்களில் அது அவன் கண்ணில் படாமல் இருந்தால்தான் அதன் மேல் ஆர்வம் குறையாது.