ஆள் ஒருவர், கொப்பி இரண்டு

கேள்வி: இறுதியாண்டுச் செயற்றிட்டமாக, ஸ்டீரியோ ஒலிக்கான டெல்டா-சிக்மா சுற்றை (ஒலி மாதிரிகளை 1 பிட் ஓட்டமாக மாற்றுவது) எப்.பி.ஜி.ஏ.யில், அதாவது நாமே உள்சுற்றை அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்பில், அமைக்கிறேன். இடது, வலது இரண்டுக்கும் ஒரே கூட்டியை (எண்களைக் கூட்டும் சுற்று) பயன்படுத்தினால் சிப்பில் பிடிக்கும் இடம் பாதியாகும் என்கிறான் நண்பன். உண்மையா?
– பொறியியல் மாணவி, அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: பாதியாகாது, பிள்ளை. நண்பர் கூட்டியை எண்ணியிருக்கிறார், எண்ணை நினைவில் வைத்திருக்கும் ரெஜிஸ்டரை மறந்துவிட்டார்.

மாங்குளம் சந்தியில் என் மாமா பலசரக்குக் கடை வைத்திருந்தார். சில்லறை இல்லாவிட்டால் முழு ரூபாயாக வாங்கிக்கொண்டு, மிச்சச் சதத்தைக் கொப்பியில் குறித்து, அடுத்த முறை கணக்கில் சேர்ப்பார். டெல்டா-சிக்மா சுற்று இரைச்சலை வடிவப்படுத்துவதும் அப்படித்தான்: 16 பிட் மாதிரியை 1 பிட்டாக வெட்டும்போது விழும் மிச்சத்தை எறியாமல் அடுத்த மாதிரியுடன் கூட்டுகிறோம். கணக்குப் பார்க்க மாமா ஒருவர் போதும். ஆனால் என் மிச்சம் பக்கத்து வீட்டாரின் பெயரில் ஏறினால் சண்டைதான்.

அந்தச் சண்டையை நானே வாங்கியிருக்கிறேன். முதன்முதலில் கூட்டியைப் பகிர்ந்தபோது ரெஜிஸ்டரையும் ஒன்றாகவே வைத்துவிட்டேன். இடது பக்கம் மட்டும் பாட்டைக் கொடுத்தேன். அமைதியாக இருக்கவேண்டிய வலது காதில் சரசரப்பு, அதற்குள் பாட்டின் முனகல். இரண்டு நாள் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். பிழை வயரில் இல்லை.

பகிர்ந்தே தீருவதென்றால் நீர் இப்படிச் செய்யும்: இரண்டு ரெஜிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, கடிகாரத் துடிப்பை இரட்டிப்பாக்கும். மாதிரிகள் இடது, வலது என்று மாறிமாறி வந்தால், கூட்டி இடதைத் தொடும் நேரத்தில் இடதின் மிச்சமே வாசலில் வந்து நிற்கும். மிச்சத்தைத் தெரிவுசெய்யத் தனிச்சுற்றும் வேண்டாம். நேரம் தாராளம். ஒரு காதுக்குச் செக்கனுக்கு வரும் 44,100 மாதிரிகளை 64 மடங்காக்கினால் 2,822,400. ஒன்றுக்கு 354 நானோசெக்கன்; இரு காதும் பகிர்ந்தால் அதில் பாதி. கூட்டி சில நானோசெக்கனில் வேலையை முடித்துவிட்டு மற்ற நேரமெல்லாம் தூங்குகிறது.

இனி இடக்கணக்கு. இதற்கென்றே வடிவமைத்த தனிச் சிப்பில் 1 பிட் முழுமைக்கூட்டிக்குப் பாடப்புத்தக வடிவில் 28 திரான்சிற்றர்கள். 20 பிட் கூட்டி ஒன்றைத் தவிர்த்தால் 560 திரான்சிற்றர்கள் சேமிப்பு. ரெஜிஸ்டரில் ஒன்றும் குறையாது. உமது எப்.பி.ஜி.ஏ.யில் அந்தச் சேமிப்பும் இல்லை: கூட்டியின் ஒரு பிட்டும் அதன் ரெஜிஸ்டரும் ஒரே கலத்தில் குடியிருக்கின்றன. ரெஜிஸ்டர் இரண்டென்றால் பெரும்பாலும் கலமும் இரண்டு. முந்திய ஒரு மிச்சத்தை மட்டும் கூட்டும் இந்த முதலாம்படிச் சுற்றில் இந்தப் பகிர்வால் உமக்குக் கிடைப்பது தலையிடி மட்டுமே. முந்திய இரண்டு மிச்சங்களைப் பயன்படுத்தும் இரண்டாம்படியில் வரும் 2 ஆல் பெருக்கலுக்கும் பெருக்கி தேவையில்லை; வயரை ஓர் இடம் தள்ளிக் கொடுத்தால் போதும்.

பகிர ஆசையென்றால் முன்னால் இருக்கும் இடைச்செருகல் வடிகட்டியில் (மாதிரிகளுக்கு இடையில் புது மாதிரிகளை நிரப்பி 64 மடங்காக்குவது) கை வையும். 16 பிட் பெருக்கி ஒன்று கிட்டத்தட்ட 16 கூட்டிகளின் இடத்தைத் தின்னும். அந்த ஒன்றையே வடிகட்டி மாதிரிகளைப் பெருக்கும் எல்லாக் குணகங்களுக்கும் இரு காதுகளுக்கும் ஓடவிடும். உமது அறிக்கையில் காட்டத்தக்க எண் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: இப்படி மிச்சத்தை அடுத்த மாதிரியுடன் கூட்டினால் இரைச்சல் குறைகிறதா?
– வானொலி திருத்துபவர், ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை ஐயா, மொத்தத்தில் கூடுகிறது. ஆனால் பெரும்பகுதி காதுக்கு எட்டாத, 20 கிலோஹேர்ட்சுக்கு மேற்பட்ட இடத்துக்குத் துரத்தப்படுகிறது. அதை வடிகட்ட வெளியே ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் போட்டுப் பாருங்கள்.