மாணவிகள் பள்ளி வயதிலேயே கர்ப்பமாவதைத் தடுக்க ஆசிரியர்கள் என்ன செய்ய முடியும்?

முதலில் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஒழுக்கப் பிரசங்கமெல்லாம் அப்புறம்.

குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். வேலைக்கு வந்த புதிதில் பூவின் பாகங்களோடு இனப்பெருக்கப் பாடத்தை முடித்துக்கொள்வேன். சூல்பை, மகரந்தம், மணி அடித்துவிடும். 2009இல் ஒரு பெண் எல்லாரும் போனபிறகு டஸ்டரைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "மிஸ், மொத தடவைல எல்லாம் கொழந்த நிக்காதாமே?"

யார் சொன்னது என்றேன். "அவரு."

அவன் என்று சொல்லியிருந்தால் கூடப் படிக்கிற பையன் என்று நினைத்திருப்பேன். 'அவரு' என்றதும் வயிற்றைக் கலக்கியது. பள்ளியில் பெரியவர்களிடம் சொன்னேன். "பேரு கெட்டுடும், டி.சி. குடுத்துடலாம்" என்றார்கள். கொடுத்தும் விட்டார்கள். நானும் பேசாமல் இருந்தேன். அடுத்த வருடம் அவளை ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் பார்த்தேன், ஏழு மாத வயிறு.

2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தபின், இப்படி ஒன்று தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே குற்றம். 18க்குக் கீழே 'அவளும் விரும்பித்தான்' என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. இப்போது மாதவிடாய்ச் சுழற்சி முதல் கரு உருவாவதுவரை ஒரு பக்கம் விடாமல் நடத்துகிறேன். ஒரு தடவையே போதும் என்பதையும் சொல்கிறேன். பையன்களுக்கும் நடத்த வேண்டும். அங்கே பல சார்கள் இன்னும் மகரந்தத்தைத் தாண்டுவதில்லை.

ஆனால் நான் பார்த்தவரை, எங்கள் பக்கம் இப்படி வயிறும் பிள்ளையுமாக நிற்கிற பெண்களில் பலருக்குக் கழுத்தில் தாலி இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் (20-24 வயது) 12.8 சதவீதம் பேருக்கு 18க்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. ஆபத்துக் காலம் கோடை விடுமுறைதான். பரீட்சை முடிந்திருக்கும். வைகாசியில் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை ஜாதகத்தோடு வருவார்கள். ஜூனில் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெயர் குறையும். அதனால் ஏப்ரலிலேயே வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு வீட்டில் பாட்டி பீடி சுற்றிக்கொண்டே பேசினார். "வயசுக்கு வந்து மூணு வருசம் ஆவுது டீச்சரம்மா. அப்பனும் இல்ல. நல்ல எடம் வந்துகீது, இன்னா பண்ணச் சொல்றீங்க?" 18 ஆகாமல் செய்தால் ஜெயில் என்றேன், அசையவில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும் என்றதும் மடியிலிருந்த முறம் கீழே இறங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பினேன்.

பத்து நாளில், அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி கல்யாணப் பத்திரிகையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடித்தேன். ஆட்கள் வந்து எழுதி வாங்கினார்கள், கல்யாணம் நின்றது. பெண் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். பாட்டி என்னோடு பேசுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார்.