கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு மின்சார ஆட்டோவில்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு ஆட்டோவுக்குள்ளேயே படுத்துக் கிடந்தவன் நான். அதற்குப் பிறகுதான் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றினேன். மாற்று எரிபொருள் வாகனங்களுக்கென்று கண்டியிலிருந்து நுவரெலியா வரை சின்ன அளவில் நடந்த ஒரு போட்டியில் நானும் மனைவியும் மகளும் ஓடினோம். நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், முடிந்தவரை சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து: அண்ணா, இது ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டையில் நடக்கிற மாதிரி ரேஸா?

இல்லை தம்பி. மகாகஸ்தோட்டை 1934இலிருந்து நடக்கிற மலையேற்றம், அங்கே நேரம்தான் கணக்கு. எங்களுடையதில் 77 கிலோமீட்டருக்கு யார் குறைவாகச் சக்தி செலவழித்தார் என்று பார்த்தார்கள். நேர வரம்பு இருந்தது, அதற்குள் வந்தால் போதும்.

தலவாக்கலையிலிருந்து: என் மச்சானும் மோட்டார் போட்டார். ஏற்றத்தில் சூடாகி நின்றுவிடுகிறது. உங்களுடையது எப்படி றம்பொடையைத் தாண்டியது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கண்டி சுமார் 500 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868. ஆட்டோ, பற்றரி, நாங்கள் மூன்று பேர் எல்லாம் சேர்த்து 550 கிலோ. அவ்வளவு பாரத்தை அந்த உயரத்துக்குத் தூக்கவே 2 அலகு (யூனிட், அதாவது கிலோவாட் மணி) மின்சாரம் வேண்டும், வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அதில் ஒரு குறைவும் வராது. ஆனால் வேகமாக ஏறினால் ஆம்பியர் கூடும், ஆம்பியர் இரண்டு மடங்கானால் வயரில் வரும் சூடு நான்கு மடங்காகும். அதே நேரம், மோட்டாரை நேராகச் சக்கரத்தில் இணைத்துவிட்டு ஆமை வேகத்தில் ஏறினாலும் ஆபத்துதான், குறைந்த சுற்றில் இழுவை கொடுக்க மோட்டார் கரண்டை அள்ளிக் குடிக்கும். அதனால் நாங்கள் பழைய கியர்பெட்டியைக் கழற்றவேயில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியர், மணிக்கு 25 கிலோமீட்டர், சீராக. மச்சானிடம் கியர்பெட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மொத்தம் 5.9 அலகு போனது. பற்றரி 51.2 வோல்ட் லித்தியம், 150 ஆம்பியர் மணி, அதாவது சுமார் 7.7 அலகு கொள்ளும். இதே அளவுக்கு ஈய பற்றரி போட்டிருந்தால் 200 கிலோவுக்கு மேல் வந்திருக்கும், அந்தப் பாரத்தையும் சேர்த்து மலை ஏற்ற வேண்டும்.

பதுளையிலிருந்து: என்னிடம் டீசல் வேன் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஊற்றி ஓட்டலாமா?

அப்படியே ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உறைய ஆரம்பிக்கும். நுவரெலியாவில் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலைப் பகலில்கூட வெயிலில் வைத்துத்தானே உருக்குகிறோம்? டாங்கியிலும் பில்டரிலும் அதேதான் நடக்கும். மெத்தனோல் சேர்த்துப் பயோடீசலாக மாற்றினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். எங்களோடு ஒரு பிக்கப் பொரித்த எண்ணெயில் செய்த பயோடீசலில்தான் வந்தது, நன்றாகவே ஏறியது.

கம்பளையிலிருந்து: கூரையில் சோலார் தகடு போட்டால் சார்ஜே தேவையில்லை என்கிறார்களே?

ஆட்டோ கூரையில் நல்ல வெயிலில் 400, 500 வாட் கிடைத்தால் பெரிய விஷயம். ஏற்றத்துக்கு எங்களுக்கு 4,000 வாட்டுக்கு மேல் போனது. 1987இல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்ட் வரை சுமார் 3,000 கிலோமீட்டர் சன்ரேசர் என்ற வண்டி வெயிலிலேயே ஓடியது உண்மை. ஆனால் அது பாலைவன ரோடு, வண்டியும் கரப்பான்பூச்சி மாதிரித் தட்டையானது. லபுக்கலையில் மூடுபனியால் காலை பத்து மணிக்கும் லைட் போட்டுத்தான் போனோம்.

நாவலப்பிட்டியிலிருந்து: இறங்கும்போது பற்றரி தானாக நிறையுமாமே?

நிறையாது அக்கா. திரும்பி வரும்போது அரை அலகுகூடக் கிடைக்கவில்லை, டயர் உராய்வே பாதியைத் தின்றுவிடும். ஆனாலும் இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து, பற்றரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்புகிற அந்த வசதி கட்டாயம் வேண்டும், பிரேக் சூடாகாமல் இறங்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், மேலே முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கக் கூடாது. நிறைந்த பற்றரி கரண்டை வாங்காது, மோட்டார் பிடித்து நிறுத்துவதும் அந்த நேரத்தில் போய்விடும். 85 வீதத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

கொட்டகலையிலிருந்து: வழியில் ஏதோ எரிந்தது என்று கேள்விப்பட்டோம். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனது சரியா?

நியாயமான கேள்வி. புசல்லாவை தாண்டியதும் மகள்தான் “அப்பா, பிளாஸ்டிக் வாசம்” என்றாள். பற்றரி பொருத்திக் கொடுத்தவர்கள் ஒரு போல்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். 100 ஆம்பியர் போகிற இடத்தில் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 100 வாட் குண்டு பல்பு எரிகிற சூடு அந்த ஒரு முனையில் வரும். மெயின் சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, முனையைச் சுரண்டி முறுக்கினோம். இருபது நிமிடம் போனது, மனைவி அதற்குள் மீதித் தூரத்துக்கு அலகுக் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டார். மகள் கவனிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் எல்லா போல்டையும் அவளும் நானும் சேர்ந்துதான் பார்க்கிறோம், முறுக்கியதற்கு அடையாளமாக வெள்ளைப் பெயின்ட் கோடு போடுவது அவள் வேலை.